தீட்டிய மேகமும் வெட்டிய கூட்டமும்

1858-இல் சென்னையில் வெளியான ஒரு புகைப்படத் தொகுப்பின் பெயரிலேயே ராயக்கோட்டை இருக்கிறது. படங்களை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப். ராணுவ கேப்டன், சென்னை மாகாண அரசு அமர்த்திய புகைப்படக்காரர். ராயக்கோட்டை உட்பட இன்றைய ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி அன்று சேலம் ஜில்லாவுக்குள் அடக்கம். மெழுகேற்றிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அந்த அளவே. எடுத்த பிறகு பெரிதாக்கிக்கொள்ள வழியில்லை. எங்கே நிற்பது, எந்த வெயிலில் எடுப்பது, கோட்டைச் சுவரோடு எவ்வளவு பாறையைச் சேர்ப்பது என்பதையெல்லாம் முன்னதாகவே முடிவு செய்தாக வேண்டும். அந்தக் காலத்து ரசாயனம் நீல நிறத்துக்கு அளவு மீறி வேலை செய்ததால் வானம் வெறும் வெள்ளையாக விழும். அதனால் டிரைப் பல நெகட்டிவ்களில் தூரிகையால் மேகம் தீட்டினார்.

அப்படியானால் அது பொய்ப்படம்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த மேகத்தை நம்பி அன்றைய வானிலையைச் சொல்பவர் ஏமாந்துதான் போவார். ஆனால் மலையும் மதிலும் சமவெளியும் ஒன்றுக்கொன்று எப்படி நிற்கின்றன என்று காட்டுவதுதான் அப்படிப்பட்ட படத்தின் வேலை. அதை மேகம் தொடவில்லை. அதே டிரைப் அதே ஆண்டில் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 பிரிண்டுகளாக எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். அதில் வானமும் இல்லை, அலங்காரமும் இல்லை. எழுத்து வரிசை அறுபடக் கூடாது, அவ்வளவுதான். எதை எதோடு சேர்த்துக் காட்ட ஒரு படம் முயல்கிறதோ, அந்தச் சேர்க்கை பார்ப்பவருக்குப் பிடிபட்டால் அது நல்ல படம். துல்லியமும் பளபளப்பும் அதற்குப் பிறகுதான். அவற்றை இன்று செல்போனே பார்த்துக்கொள்கிறது.

இந்த அளவுகோலை ஓசூர் யானைப் படங்களின் மேல் வைத்துப் பாருங்கள். கேழ்வரகு விளையும் பருவத்தில் கர்நாடகக் காடுகளிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக ஓசூரை அடுத்த சானமாவு வரை யானைகள் வருகின்றன. தந்தமும் தும்பிக்கையும் ஃபிரேமை நிறைக்கும் நெருக்கப் படத்துக்குத்தான் லைக்குகள் குவியும். அது முதுமலையில் எடுத்ததாகவும் இருக்கலாம், கேரளத்துத் திருவிழாவில் எடுத்ததாகவும் இருக்கலாம். மிதிபட்ட கேழ்வரகுக் கொல்லை, மின்கம்பம், வரப்பில் செல்போனைத் தூக்கிப் பிடித்து நிற்கும் கூட்டம், நடுவே போக வழியில்லாத யானைகள் என்று விரியும் படம் அவ்வளவு அழகாக இராது. ஆனால் யானை ஏன் மிரள்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. கூட்டத்தை வெட்டிவிட்டு யானையை மட்டும் வைத்தால், ஒரு புள்ளிகூடத் திருத்தாத அந்தப் படம் டிரைப்பின் மேகத்தைவிடப் பெரிய பொய். தூரத்தில் நின்று டெலி லென்ஸில் எடுத்தாலும் இதே ஆபத்து உண்டு: நடுவே உள்ள இடைவெளி சுருங்கி, எட்டத்திலுள்ள தொழிற்சாலைச் சுவரை யானை முட்டுவதுபோல் தோன்றும். லென்ஸ் மேல் குற்றமில்லை. நின்ற இடம் அப்படி.

ரசனை ஆளுக்கு ஆள் மாறும், இதில் அளவுகோல் எதற்கு என்பார்கள். எந்தப் படம் பிடிக்கும் என்பதில் மாறும்தான். ஒரு படம் எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது என்பதைப் படத்தின் மேல் விரல் வைத்தே பேசலாம். இன்னொரு ஆட்சேபம் கனமானது. யானை திரும்பும் அரை நொடியில் இதையெல்லாம் யோசிக்க யாருக்கு நேரம்? யாருக்கும் இல்லை. அந்த அரை நொடிக்குக் கை பழகியிருந்தால் போதும், முழு யோசனையும் வேண்டாம். ஒரே மூச்சில் ஐம்பது படம் தட்டியவர் அதில் ஒன்றை அனுப்ப உட்காரும்போது நேரம் இருக்கிறது. பத்திரிகை மேசையில் அதன் ஓரத்தை வெட்டுபவருக்கும் இருக்கிறது. டிரைப் ராயக்கோட்டையில் முக்காலியை நடும் முன்பே எடுத்தாக வேண்டியிருந்த முடிவுகளில் பாதியை இப்போது இவர்கள்தான் எடுக்கிறார்கள்.