சாமை, தேன் விற்க சொந்தமா இணையதளம் கட்டணுமா? பணம் போடும் முன் யோசிங்க!

போளூர்:
ஜவ்வாது மலை என்றாலே சாமை, தேன், புளி, கடுக்காய்தான். ஆனால் மூட்டை கட்டி கீழே இறக்கினால் வியாபாரி சொல்வதுதான் விலை. "நாமளே ஆன்லைனில் வித்தா என்ன?" என்று மகளிர் குழுக்கள் யோசிப்பது நியாயம்தான். அதற்காக "புதுசா வெப்சைட் எழுதி தர்றோம்" என்று யாராவது வந்தால், குழு சேமிப்பை எடுத்துக் கொடுக்கும் முன் நிதானம் தேவை.

எழுதுவதோடு முடியாது

ஆன்லைன் கடை என்றால் படமும் விலையும் மட்டுமல்ல. இருப்பு கணக்கு, பார்சல் செலவு, பணம் வாங்குவது, திருப்பி தருவது, பில் என அத்தனையும் வேண்டும். விதி மாறினால் கடையையும் மாற்றணும். 2022 அக்டோபர் 1 முதல் வாடிக்கையாளரின் கார்டு நம்பரை கடைக்காரர்கள் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி தடை போட்டது. எழுதிக் கொடுத்தவர் வேறு வேலைக்கு போய்விட்டால், இது மாதிரி நேரத்தில் யாரை தேடுவது?

கனடாவில் டோபி லுட்கே என்பவர் 2004-ல் பனிச்சறுக்கு பலகை விற்க ஆன்லைன் கடை போட்டார். கிடைத்த சாப்ட்வேர் பிடிக்காமல் தானே எழுதினார். கடைசியில் பலகை வியாபாரத்தை விட்டுவிட்டு, அந்த சாப்ட்வேரையே 2006-ல் ஷாப்பிபை என்ற பெயரில் தொழிலாக்கினார். அவருக்கு சாப்ட்வேர் எழுதத் தெரியும். நம்ம வேலை சாமை விற்பது.

படிப்படியா போகலாம்

* முதலில் வாட்ஸ்அப் பிசினஸ், யு.பி.ஐ. போதும். இரண்டுக்கும் காசு இல்லை. ஒரு முறை வாங்கியவர் மறுபடி கேட்கிறாரா என்று நோட்டில் எழுதி வையுங்க.

* பழங்குடியினர் பொருட்களை விற்க மத்திய அரசின் டிரைபெட் அமைப்பு இருக்கிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

* ஆர்டர் கூடினால் ஷாப்பிபை மாதிரி மாத வாடகை கடை எடுக்கலாம். வூகாமர்ஸ் சாப்ட்வேர் இலவசம். ஆனால் இணைய இடத்துக்கு வாடகை உண்டு. பராமரிக்க ஆளும் வேணும்.

* ரெடிமேடு கடையில் முடியாத வேலை வந்து, அதற்கு செலவழிக்க லாபமும் வந்தால்தான் சொந்தமாக எழுத வேண்டும்.

இதையும் கவனிங்க

பாக்கெட் போட்டு விற்க உணவு பாதுகாப்பு பதிவு கட்டாயம். வரி உள்ள பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும். வருமானம் குறைந்த சிறு வியாபாரிகள் மாநிலத்துக்குள் மட்டும் விற்றால், ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே பெரிய ஆன்லைன் சந்தைகளில் கடை போட 2023 அக்டோபர் 1 முதல் வழி உண்டு. அதற்கு தனியாக ஒரு பதிவு எண் மட்டும் வாங்கணும்.

மலையில் பல ஊர்களில் செல்போன் சிக்னல் சரியாக கிடைக்காது. அதனால் ஆர்டர் பார்க்கும் ஆள் சிக்னல் உள்ள இடத்தில் இருக்கணும். தேன் பாட்டில் உடையாமல் போய் சேரணும். இந்த இரண்டும் சரியில்லை என்றால் எவ்வளவு அழகான வெப்சைட்டும் வீண்.

எந்த வழியில் போனாலும் இணையதள பெயரையும் பாஸ்வேர்டையும் குழுவின் பெயரிலேயே வாங்குங்க. எழுதிக் கொடுப்பவர் பெயரில் இருந்தால், கடையின் சாவி அவர் கையில்தான்.