கபிலப் பாயும் வெள்ளைப் பாயும்

கடுகண்ணாவைக் கணவாயைக் கடந்து கண்டி நோக்கி வரும் வழியில் உள்ளது பிலிமத்தலாவை. அங்கு வளரும் பிள்ளைக்குப் பேராதனையில் ஓடும் மகாவலி தெரியும். கண்டி வாவி தெரியும். பாய் விரித்தோடும் படகு தெரியாது. ஆர்தர் ரான்ஸம் 1930இல் வெளியிட்ட ‘ஸ்வாலோஸ் அன்ட் அமசன்ஸ்’ என்னும் சிறுவர் நவீனம் அப்பிள்ளையின் கைக்கு எட்டினால் கதை ஓடுமா, தரை தட்டுமா?

இங்கிலாந்தின் ஏரி ஒன்றில் இரு சிறு படகுகளை ஓட்டும் பிள்ளைகளின் கதை இது. ஸ்வாலோ, அதாவது தகைவிலான் குருவி, கபில நிறப் பாயுடையது. அமசன் வெள்ளைப் பாயுடையது. தொலைவில் வருவது எவர் படகென்று பாயே சொல்லிவிடும். இந்நிறம் வெறும் அலங்காரமன்று. பருத்திப் பாய் ஈரத்தில் உளுத்துப்போகும். அதைத் தடுக்கவே ஆங்கில மீனவர் தம் பாய்களைக் காசுக்கட்டிச் சாயத்தில் தோய்த்தனர். ஆம், நம்மவர் வெற்றிலையோடு மெல்லும் அதே காசுக்கட்டிதான்! இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் அது கப்பலேறிச் சென்றது. ஆகவே கபிலப் பாய் உழைக்கும் படகின் சின்னமாயிற்று. நீர்கொழும்பு மீன்பிடி வள்ளங்களின் பழுப்புப் பாயை ஒருமுறை கண்ட பிள்ளைக்கு இது எளிதில் விளங்கும்.

நீருக்குக் கீழுள்ள வேற்றுமையோ கண்ணுக்குத் தெரியாது. பக்கக் காற்று படகை ஓரமாய்த் தள்ளாதிருக்க அடியில் ஒரு தடுப்பு வேண்டும். ஸ்வாலோவுக்கு அது நிலையான அடிக்கட்டை. அமசனுக்கோ உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய பலகை. பலகையை உயர்த்தினால் ஆழமற்ற நீரிலும் அமசன் செல்லும். இதை அறியாதவனுக்கு அமசன் செய்யும் தந்திரங்கள் பாதி விளங்கா.

1931இல் வந்த ‘ஸ்வாலோடேல்’ நவீனத்தில் ஸ்வாலோ பாறையில் மோதி உடைகின்றது. படகோட்டக் காத்திருந்த வாசகனுக்குப் படகே இல்லை! பிள்ளைகள் புதுப் பாய்மரத்தைச் செதுக்கி மெருகேற்றும் பகுதியே அந்நூலில் மிகச் சிறந்தது எனலாம்.

முதல் நூலுக்கென ஓவியர் ஒருவர் வரைந்த படங்களை ரான்ஸம் ஏற்கவில்லை. 1931இல் கிளிபர்ட் வெப் வரைந்தார். பின்னர் ரான்ஸமே வரையலானார். மனித உருவங்களில் அவர் கை தடுமாறும். பிள்ளைகள் பெரும்பாலும் முதுகைக் காட்டியே நிற்பர். படகின் கயிறுகளோ உரிய இடத்தில் இருக்கும்.

அமசனுக்கு முன்மாதிரியான மேவிஸ் என்னும் படகு கொனிஸ்டனிலுள்ள ரஸ்கின் நூதனசாலையில் பேணப்படுகின்றது. அவ்வளவு தூரம் செல்லவியலாத பிள்ளைக்கு ஆசிரியர் கரும்பலகையில் ஒரு படகை வரைந்து, நீர்மட்டக் கோட்டையும் இட்டு, அக்கோட்டின் கீழிருப்பதை முதலிற் காட்டலாம்.