ஐந்து பெல்லட், ஒரே துளை

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் துப்பாக்கி சுடப் போகிறாள் என்பது குன்னத்தூரில் சீக்கிரம் பரவிவிட்டது. அதனால் ரைபிள் வாங்க நினைக்கிறவர்கள் என்னைத் தேடி வருகிறார்கள். எங்கள் கட்டிங் செக்‌ஷன் தம்பி ஒருவன் கேட்டான்: "ஏனுங்க்கா, ஒவ்வொரு தடவையும் லோடு பண்ணாம, ட்ரிக்கர அமுக்க அமுக்கச் சுடற ரைபிள் இருக்குதாமா? அதுல நம்பி வாங்கற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"அதுக்குப் பேரு செமி ஆட்டோமேடிக், தம்பி. அது உனக்கும் கிடைக்காது, எனக்கும் கிடைக்காது" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. அவனுக்கு அன்றைக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

ஒரு குண்டு வெடிக்கும்போது எழும் விசையில் ஒரு பகுதியை எடுத்து, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே ஏற்றிக்கொள்வதுதான் செமி ஆட்டோமேடிக். அமெரிக்காவில் 1964இல் வந்த ரூகர் 10/22 இந்த வகைதான். பொழுதுபோக்காகக் குறி சுடும் லட்சக்கணக்கானோர் அங்கே அதை வைத்திருக்கிறார்கள். எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. பிரிட்டன் 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பிறகு சிறு தோட்டா சுடும் .22 ரிம்ஃபயரைத் தவிர மற்ற செமி ஆட்டோமேடிக் ரைபிள்களைத் தடைசெய்தது. ஆஸ்திரேலியா 1996லும் நியூசிலாந்து 2019லும் பெருந்துயரங்களுக்குப் பின் சட்டத்தை இறுக்கின. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016இன் ஆயுத விதிகளும் இத்தகைய ரைபிளைப் பொதுவாகத் தடைசெய்யப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். குறி சுடும் விளையாட்டுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

ஏனென்றால் ஒலிம்பிக்கில் 10 மீட்டர், 50 மீட்டர் ரைபிள் போட்டிகளுக்கே ஒவ்வொரு குண்டையும் கையால் வைத்துச் சுடும் துப்பாக்கியைத்தான் அனுமதிக்கிறார்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அப்படி ஒரு ஏர் ரைபிளில். கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்துக்காரர் ஹக்கினனோடு சமமாக நின்றார். அந்தக் குண்டில் 10.8 அடித்தார். 2012 லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நரங் சென்னையில் பிறந்தவர். 2019 ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் நம் கடலூரில் பிறந்த பெண். இவர்கள் எல்லோருடைய ஆயுதமும் ஏர் ரைபிள்தான். குன்னத்தூர்க்காரர் ஒருவர் இந்த விளையாட்டுக்குள் நுழைய நேரான வாசலும் அதுவே. 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது 0.177 அங்குலத்துக்கு மிகாத குழல் விட்டமும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு 2016 விதிகளின்படி உரிமம் தேவையில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டும் முன் ரைபிள் கிளப்பில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போனால் முதலில் வேகத்தைத்தான் சொல்லி விற்பார்கள். "நொடிக்கு ஆயிரம் அடி போகுமுங்க" என்பார்கள். காதில் வாங்காதீர்கள். போட்டியில் சுடும் ஏர் ரைபிளின் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் போகிறது. அரை கிராம் சொச்சம் எடையுள்ள அந்த ஈயத்தின் ஆற்றல் 8 ஜூலைக்கூட எட்டுவதில்லை. பத்து மீட்டர் தூரத்துக்கு அதுவே தாராளம். குறி அட்டையில் இருக்கும் பத்தாவது வளையம் அரை மில்லிமீட்டர் அகலப் புள்ளி. அதைத் தொட வேகம் உதவாது. ஒவ்வொரு பெல்லட்டும் முந்தையது போன வழியிலேயே போக வேண்டும். எங்கள் செக்கிங் மேசையில் ரோலின் முதல் மீட்டர் துணியும் கடைசி மீட்டர் துணியும் ஒரே ஜிஎஸ்எம், அதாவது ஒரே எடை, காட்டினால்தான் அந்த மிஷினை நம்புவோம். ரைபிளையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

சோதிக்கும் முறை எளிது. ரைபிளின் முன்கட்டையை மணல் மூட்டை மேல் வையுங்கள். அட்டையை மாற்றாமல், குறியை நகர்த்தாமல் ஐந்து பெல்லட் சுடுங்கள். துளைகள் புள்ளியை விட்டு எங்கேயோ விழுந்திருந்தால் கவலை வேண்டாம், சைட்டைத் திருகிச் சரிசெய்யலாம். ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். நல்ல போட்டி ரைபிளில் ஐந்தும் சேர்ந்து பெல்லட்டைவிடச் சற்றே பெரிய ஒரே துளையாக இருக்கும். ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்றவர்கள் தொழிற்சாலையில் சுட்ட அட்டையையே பெட்டியோடு வைத்து அனுப்புகிறார்கள். துளைகள் சிதறினால் ரைபிளைக் குறை சொல்லும் முன் பெல்லட்டை மாற்றிப் பாருங்கள். தட்டைத் தலை பெல்லட்தான் வேண்டும். அதிலும் தலையின் அளவு 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்று வேறுபடும். ஒவ்வொரு குழலுக்கும் ஒன்று பிடிக்கும்.

அடுத்த கேள்வி ஸ்பிரிங்கா, காற்று சிலிண்டரா என்பது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுத்துச் சுடும் ரைபிள் சில ஆயிரங்களில் கிடைக்கிறது, இந்தியாவிலேயே செய்கிறார்கள். ஆனால் உள்ளே கனமான பிஸ்டன் பாய்ந்து வந்து மோதுவதால், பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி குலுங்கும். பிடிக்கும் விதம் கொஞ்சம் மாறினாலும் துளை தள்ளி விழும். சிலிண்டரில் முன்பே அடைத்த காற்றில் சுடும் பிசிபி வகையில் இந்தக் குலுக்கல் கிட்டத்தட்ட இல்லை. வெளிநாட்டுப் போட்டி ரைபிள் என்றால் விலை இரண்டு லட்சத்தைத் தாண்டும். பழகுகிறவருக்கு இந்தியத் தயாரிப்பான பிரிசிஹோல் நிறுவனத்தின் பிசிபி ரைபிள் போதும் என்பது என் கருத்து.

பிசிபி என்றதும் நம் ஊர்க்காரர்கள் சொல்வது ஒன்று உண்டு: "காத்துத்தானுங்க்கா, கம்பெனி கம்ப்ரஸர்ல புடிச்சுக்கலாம்." அது நடக்காது. கம்பெனியில் ஏர் லைனில் வருவது ஏழெட்டு பார் அழுத்தம். ரைபிள் சிலிண்டருக்கு வேண்டியது 200 பார். அதற்கென்று உள்ள கைப்பம்போ, முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் பெரிய சிலிண்டரோதான் வழி. காற்றில் ஈரமும் எண்ணெயும் கலந்தால் உள்ளே வால்வும் ரெகுலேட்டரும் கெடும். அதனால் பம்பில் ஈரம் உறிஞ்சும் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரைபிள் வாங்கும்போது சிலிண்டரில் அடித்திருக்கும் காலாவதித் தேதியை முதலில் படியுங்கள். தேதி முடிந்த சிலிண்டரோடு போட்டிக்குப் போக முடியாது. அதில் 200 பார் அடைப்பது ஆபத்தும்கூட. இந்த ஒன்றைப் பார்க்காமல் மற்ற எதைப் பார்த்தும் பிரயோஜனமில்லை.

நம் பகுதிக்கென்று இன்னொரு எதிரி, பஞ்சுத் தூசி. நிட்டிங் மிஷின் ஓடும் இடத்தில் ரைபிளை உறையில்லாமல் வைத்தால் சைட்டின் சின்னத் துவாரத்திலும் ட்ரிக்கர் பெட்டியிலும் அது போய் அடையும்.

உடம்புக்குப் பொருந்துவதைப் பற்றிக் கடையில் யாரும் சொல்வதில்லை. போட்டி ரைபிளின் எடை ஐந்தரை கிலோ வரை போகலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதைத் தூக்கிக் கொடுத்தால் முதுகு வளைந்துதான் நிற்கும். கட்டையின் நீளம், கன்னம் பதியும் பலகை, தோளில் பதியும் தட்டு மூன்றையும் நகர்த்தி வைக்க முடிய வேண்டும். ரைபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடுங்கள். திறந்தால் பின்சைட் துவாரம் நேராகக் கண்ணெதிரே நிற்க வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் அது உங்கள் ரைபிள் இல்லை. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இடக்கைக் கட்டையையே கேட்டு வாங்குங்கள், சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

2022இல் திருச்சியில் நடந்த மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது அவரைப் பார்க்கக் கூட்டம் திரண்டது. அதற்குப் பிறகு பெற்றோர் விசாரிப்பது கூடியிருக்கிறது. அவர்களுக்கு நான் சொல்வது, முதலில் ரைபிள் வாங்க வேண்டாம் என்பதே. செங்கப்பள்ளி போய் நெடுஞ்சாலை பிடித்தால் அவினாசி வழியாகக் கோவை. அங்கே ரைபிள் கிளப் இருக்கிறது. கிளப் ரைபிளில் பிள்ளை சில மாதம் சுடட்டும். நிற்கும் முறை படிந்த பிறகுதான் எந்த அளவுக் கட்டை வேண்டும் என்பதே தெரியும். பழுது பார்க்கவும் சீல் மாற்றவும் ஆள் எங்கே இருக்கிறார் என்பதும் அங்கேதான் தெரியவரும். ஆள் இல்லாத பிராண்ட் எவ்வளவு பேர் பெற்றதாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு காட்டுப்பக்கம் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நம் தோட்டங்களில் மயில் நிறைய. மயிலைச் சுடுவது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறைக்குரிய குற்றம். சுட்டது ஏர் கன்தான் என்று சொல்லித் தப்ப முடியாது. வீட்டில் பழக நினைத்தால் குடோனில் பத்து மீட்டர் அளந்து, ஆள் குறுக்கே வரமுடியாத பக்கமாகப் பார்த்து, பெல்லட் தெறிக்காமல் பிடிக்கும் இரும்புப் பெட்டியை அட்டைக்குப் பின்னால் வையுங்கள். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். ரைபிளுக்கு ஒரு பூட்டு, பெல்லட் டப்பாவுக்கு வேறு பூட்டு, இரண்டு சாவியும் பெரியவர் ஒருவர் கையில்.