எஞ்சினின் மூக்கு

பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாமாண்டு

உண்ணாமல் சில நாள் இருக்கலாம். மூச்சு விடாமல் சில நிமிடம்கூட இருக்க முடியாது. மோட்டார் எஞ்சினுக்கும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 9000 லிட்டர் காற்று வேண்டும். பெட்ரோலை அளந்து ஊற்றும் நாம், அதனுடன் உள்ளே செல்லும் காற்றைப் பற்றி என்றேனும் சிந்தித்ததுண்டா?

எங்கள் தா.பழூர்ப் பகுதியில் இச்சிந்தனை மிகவும் தேவை. அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பெயர் பெற்றது. லாரிகள் ஓடும் சாலையிலும், நெல்லடிக்கும் களத்திலும், கொள்ளிடக் கரையிலும் புழுதிக்குப் பஞ்சமில்லை. மணலில் உள்ள சிலிக்கா இரும்பைவிடக் கடினமானது. அது எஞ்சினுக்குள் புகுந்து எண்ணெயுடன் கலந்தால் சாணை பிடிக்கும் பசையாகிவிடும். பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். பிறகு நீலப்புகை, இழுவைக் குறைவு, இறுதியில் ரீபோர் செலவு!

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவன் நான். என் படிப்புச் செலவைத் தாங்குவது, என் மாமா வாடகைக்கு ஓட்டும் பழைய பெட்ரோல் அம்பாசடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை மேற்கு வங்காளத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த வண்டி அது. உற்பத்தி நின்றுவிட்டது, எனவே இருக்கும் எஞ்சினைக் காப்பதே புத்திசாலித்தனம். அதற்கு முதற்படி ஏர் கிளீனர்.

மாமா வண்டியில் இருப்பது எண்ணெய்த் தொட்டி வகை. பழைய டிராக்டர்களிலும் இதனைக் காணலாம். உறிஞ்சப்படும் காற்று முதலில் கீழ்நோக்கிப் பாய்ந்து, அடியிலுள்ள எண்ணெய்ப் பரப்பை நெருங்கியதும் சட்டென்று மேல்நோக்கித் திரும்புகிறது. லேசான காற்று திரும்பிவிடும். கனமான தூசியோ நேராகச் சென்று எண்ணெயில் விழுந்துவிடும். நாம் வகுப்பில் படிக்கும் நிலைமம்தான் இது! பேருந்து வளையும்போது நாம் ஒருபுறம் சாய்வதும் இதனாலேயே. தப்பிய நுண்தூசியை மேலேயுள்ள எண்ணெய் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்கிறது.

இனி, கழற்றிச் சுத்தம் செய்யும் முறையைக் காண்போம். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட வேண்டும். டப்பாவின் மேலுள்ள புழுதியை முதலில் துடைக்க வேண்டும். இல்லையேல் திறந்தவுடன் அதுவே உள்ளே விழும். பிடிப்புகளைத் தளர்த்தி, எண்ணெய் சிந்தாதபடி சாய்க்காமல் தூக்க வேண்டும். திறந்திருக்கும் கார்புரேட்டர் வாயைச் சுத்தமான துணியால் மூடுவது மிக முக்கியம். பழைய எண்ணெயைக் கொட்டி, அடியில் படிந்த சேற்றை வழித்தெடுத்து, தொட்டியையும் வலையையும் மண்ணெண்ணெயில் அலச வேண்டும். பெட்ரோலில் கழுவுவது தீயை விருந்துக்கு அழைப்பதாகும். ஈரம் வடிந்து உலர்ந்தபின், தொட்டியில் காட்டியுள்ள கோடு வரை மட்டும் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

கோட்டைத் தாண்டினால் என்ன? எண்ணெயை எஞ்சின் உறிஞ்சிவிடும். குறைந்தால் தூசி பிடிபடாது. மூடும்போது வாஷர்களையும் ரப்பர் இணைப்பையும் கவனிக்க வேண்டும். அங்கே சிறு இடைவெளி இருந்தாலும் காற்று வடிகட்டப்படாமலே நுழைந்துவிடும். துணியை எடுக்க மறவாதீர்! கழித்த எண்ணெயைப் பொன்னாற்று வாய்க்காலில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுப்பது நம் கடமை.

இக்காலக் கார்களில் உள்ள காகித வடிகட்டிக்கு இம்முறை பொருந்தாது. அதைக் கழுவக் கூடாது, அடைத்தால் மாற்றிவிட வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற வினா எழலாம். நாட்காட்டியைவிடச் சாலையே இதற்குச் சரியான விடை சொல்லும். தார்ச்சாலையில் ஓடும் வண்டி பொறுத்துக்கொள்ளும். புழுதியில் ஓடும் வண்டிக்கு அடிக்கடி திறந்து பார்த்தல் நலம். செலவோ கொஞ்சம் எண்ணெயும் ஒரு மணி நேர உழைப்பும்தான். காப்பாற்றப்படுவது ஒரு குடும்பத்தின் பிழைப்பு.