ஊரா, நகரமா? – 5: களத்துமேட்டில் நிற்பவரை எண்ணாத விதி

சென்ற வாரம் பார்த்தது அரசாணையால் பிறக்கும் நகரங்களை. ஆணையே இல்லாமலும் ஓர் ஊர் நகரமாவதுண்டு. அதைச் செய்வது மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை.

குறைந்தது 5,000 மக்கள், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், உழைக்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத தொழிலில் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் அந்த ஊர் 'சென்சஸ் டவுன்'. 2001-ல் நாடு முழுக்க 1,362 ஆக இருந்த இவை, 2011-ல் 3,892 ஆயின. கேரளத்தில் மட்டும் 99-லிருந்து 461.

மூன்றாவது விதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஆண்களை ஷிப்டுக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. நாற்று நடுவதும் களை எடுப்பதும் மாட்டுக்குத் தீவனம் அறுப்பதும் பெண்கள்தான். அந்த ஊர் இன்னும் சோறு விளைவிக்கிறது. ஆனால் விதியின் கண்ணில் அங்கே விவசாயம் இல்லை, ஏனென்றால் அதைச் செய்பவர் ஆண் இல்லை. இது சிறிய பிழையல்ல. ஓர் ஊரின் உழைப்பில் பாதியை விட்டுவிட்டு அந்த ஊருக்குப் பெயர் வைப்பது அநியாயம்.

பெயர் மாறினாலும் நிர்வாகம் மாறுவதில்லை. சென்சஸ் டவுனை ஆள்வது பழைய கிராம ஊராட்சியேதான். வீடுகள் நெருங்கிவிட்ட ஊரில் சாக்கடைக்கும் குப்பைக்கும் ஊராட்சி நிதியையே நம்ப வேண்டும்.

முறைப்படி நகரமாக்கினால் வேறு இழப்பு. 2005-ல் வந்த நூறு நாள் வேலை உறுதிச் சட்டம் ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளை நகராட்சி, மாநகராட்சிகளோடு இணைக்க முனைந்தபோது பல ஊர்களில் மக்கள் சாலைக்கு வந்தார்கள். நூறு நாள் வேலை போய்விடும், வீட்டுவரி ஏறிவிடும் என்பதே அவர்கள் சொன்னது. கூட்டத்தில் முன்னால் நின்றவர்களில் பெண்கள் ஏராளம்.

இந்தக் கணக்கு அரசுக்கும் தெரியும். 2004-ல் தமிழக அரசு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் 'சிறப்புக் கிராம ஊராட்சி' என்று மாற்றியது. ஊரக வளர்ச்சி நிதி கிடைக்கும் என்பதே காரணம். 2006-ல் அவை மீண்டும் பேரூராட்சிகள் ஆயின. இரண்டு ஆண்டுகளில் அந்தத் தெருக்கள் கிராமமாகித் திரும்ப நகரமாயின. குடியிருந்தவர்கள் அதே மக்கள்.

2011-க்கான பட்டியலில் இன்னொன்றும் உண்டு. கணக்கெடுப்பாளர் வாசலுக்கு வரும் முன்பே, 2001-ன் புள்ளிவிவரத்தை வைத்து எது சென்சஸ் டவுன் என்று முடிவு செய்துவிட்டார்கள். பத்தாண்டுப் பழைய கணக்கு.

உழைக்கும் பெண்களையும் சேர்த்து எண்ணும்படி விதியைத் திருத்த வேண்டும். உங்கள் ஊராட்சியை இணைக்கும் பேச்சு வந்தால், இணைப்புக்கு முன்பே கிராம சபையில் எழுந்து கேளுங்கள்: வரி எவ்வளவு கூடும், வேலைக்கு மாற்று என்ன, சாக்கடை எப்போது வரும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)