மூன்று ஜீன்களின் வட்டம்

உயிரணுவிலுள்ள ஜீன்கள் யாவும் ஒரே காலத்தில் தொழிற்படுவதில்லை என்பதையும், ஒரு ஜீன் உண்டாக்கும் பொருளே மற்றொரு ஜீனின் தலைவாசலில் அமர்ந்து அதனை இயங்கவொட்டாமல் தடுக்கக்கூடும் என்பதையும், பாரிஸ் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்த ழாக்கோப், மோனோ என்னும் விஞ்ஞானிகள் 1961-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார்கள்.

இத்தகைய தடுப்பை மூன்று ஜீன்களில் வட்டமாகப் பொருத்தினால் என்ன விளையும்? முதலாவது இரண்டாவதை அடக்க, இரண்டாவது மூன்றாவதை அடக்க, மூன்றாவது திரும்பி வந்து முதலாவதையே அடக்குமானால், மூன்றும் முறைவைத்து ஓங்கியும் ஒடுங்கியும் கடிகாரம்போல் சுற்றிவரும் என்று ஒருவர் வாதிக்கலாம். மூன்றும் பாதி அடங்கிய ஸ்திரநிலையில் அசையாது நின்றுவிடும் என்று இன்னொருவர் அதே நியாயத்தோடு வாதிக்கலாம். வாய்ச்சொல்லால் தீராத இவ்வழக்கைத் தீர்க்கவே கணித சாஸ்திரம் வேண்டியிருக்கிறது.

தொட்டியின் நீர்மட்டம் விழும் நீரையும் வடியும் நீரையும் பொறுத்து மாறுவதுபோல, ஒவ்வொரு பொருளின் அளவும் அது உற்பத்தியாகும் வேகத்தையும் சிதையும் வேகத்தையும் பொறுத்து மாறுகிறது. மூன்று தூது ஆர்.என்.ஏ.க்களுக்கும் மூன்று புரதங்களுக்குமாக ஆறு வகைக்கெழுச் சமன்பாடுகளை அமைத்த பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்களான எலோவிட்ஸ், லைப்ளர் இருவரும், உற்பத்தி மிகுந்து, தடுப்பு உறுதியாகி, புரதமும் ஆர்.என்.ஏ.யும் ஏறக்குறைய ஒத்த வேகத்தில் சிதைந்தால் சுழற்சி எளிதில் உண்டாகும் என்று கண்டார்கள். இயல்பில் நெடுநேரம் நிலைக்கும் புரதங்கள் விரைவில் அழியும்படி, அவற்றின் நுனியில் ஒரு சிறு வாலைச் சேர்த்தார்கள். ஏட்டுக் கணக்கு இவ்வாறு ஜீவ அணுவுக்குள் செய்ய வேண்டிய வேலையைச் சுட்டியதுதான் இம்முயற்சியின் பெருமை என்பது என் அபிப்பிராயம்.

2000-ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, இந்த வட்டத்தையும், அடையாளமாக ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்தையும் தாங்கிய ஈ.கோலை பாக்டீரியாக்கள் சுமார் 150 நிமிஷங்களுக்கு ஒருமுறை பிரகாசித்து மங்கின. ஓர் அணு இரண்டாகப் பிரிவதற்கு ஆகும் காலத்தினும் இது நீண்டதாகையால், தாய் தொடங்கிய சுற்றைச் சந்ததி முடிக்க வேண்டியதாயிற்று. ஆயினும், பல அணுக்களில் சுழற்சி தென்படவில்லை. தென்பட்டவற்றிலும் உடன்பிறந்த அணுக்கள் விரைவிலேயே தாளம் பிரிந்தன. மூலக்கூறுகள் சொற்பமாயிருக்குமிடத்தில் தற்செயலும் கணக்கில் சேர வேண்டும் என்பதை இது உணர்த்தியது.

அந்தத் தற்செயலையே ஆராய்ந்த ஹார்வர்ட் குழுவினர், வாலுள்ள புரதங்களைச் சிதைக்கும் நொதியே தடுமாற்றத்துக்கு ஒரு காரணம் என்று கண்டு, முன்பு சேர்த்த வாலை நீக்கி வட்டத்தைத் திருத்தி அமைத்தார்கள். 2016-இல் அவர்கள் வெளியிட்ட அந்தக் கடிகாரம் சுமார் 14 தலைமுறைகளுக்கு ஒருமுறை, தாளம் பிசகாமல் சுற்றுகிறது.