பஞ்சம் மட்டுமா துரத்தியது?

பள்ளிக்கூட வரைபடங்களில் ஜனங்கள் இடம்பெயர்ந்த கதை எப்போதும் ஓர் அம்புக்குறிதான். கேமரூன், நைஜீரியா பக்கமிருந்து பாண்டு மொழி பேசியவர்கள் ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் பரவ ஆயிரக்கணக்கான வருஷங்கள் பிடித்தன. அதற்கும் ஒரே கோடு. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு நூறு வருஷம் ஆள் போனதற்கும் அதே கோடு. 'பஞ்சம் பொழைக்கப் போனாங்க' என்று விளக்கமும் சொல்லியாகிவிட்டது. யார் கூட்டிப்போனது, யார் கணக்கில் போனது என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரியாது.

பஞ்சம் பொய்யில்லை. கண்மாய் நிறைந்தால்தான் சோறு என்ற சீமை இது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூட்டங்கூட்டமாய்க் கடல் தாண்டினார்கள். ஆனால் 1830களிலேயே காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போகத் தொடங்கியாயிற்று. பஞ்சம்தான் காரணமென்றால் நிலம் வைத்திருந்தவன் ஏன் போகவில்லை? போனவர்களில் பெரும்பகுதி தலித்துகள், பண்ணையில் கட்டுண்டு கிடந்தவர்கள். ஊரைவிட்டுப் போவது அவர்களுக்கு வெறும் இழப்புதானா என்று நம்மில் யாரும் கேட்டதில்லை.

கூட்டிப்போனவன் கங்காணி. சொந்த ஊருக்கே வந்து முன்பணம் கொடுப்பான். வழிச்சோறு, தோணிக் கூலி எல்லாம் கடனாய் ஏறும். வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் தோட்டத்திலிருந்து அவனுக்குக் காசு. இந்தப் பாக்கியைக் கட்டினால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பேர். அது இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. 1921இல் துண்டைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள், கடன் ஒழியவில்லை. முதலில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடை. காலராவில் விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் வந்தபின் நடை மிச்சம்.

பயிர் மாறியதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. காப்பி பருவத்துக்குப் பறிப்பது. பழம் முடிந்தால் ஊர் அறுவடைக்குத் திரும்பிவிடலாம். 1869இல் காப்பிச் செடியில் இலைநோய் கண்டது. அடுத்த இருபது வருஷத்தில் மலையெல்லாம் தேயிலை. தேயிலைக் கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும். பெண்கள் கை வேண்டும், குழந்தைகள் கையும் வேண்டும். குடும்பத்தோடு லயத்தில் தங்கியாக வேண்டும். போய் வந்த கூலி அங்கேயே தங்கும் கூலியானது இப்படித்தான். இதை யாரும் முடிவெடுக்கவில்லை. செடி எடுத்தது, செடிக்குச் சொந்தக்காரன் எடுத்தான்.

தங்கியவர்களை நாட்டுக்காரர்களாக ஏற்க யாருமில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தகப்பன் பிறந்த இடத்துக்குச் சான்று கேட்டது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது சான்று? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாக்கினார்கள். பங்கு போடப்பட்டவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மண்டபம் முகாமைப் போய்ப் பாருங்கள். கடல் தாண்டப்போகும் கூலிகளை நிறுத்தி, அம்மை குத்தி, நோய் பார்த்து அனுப்பிய இடம் அது. ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்களை இறக்கியதும் அங்கேதான். அங்கே 'கள்ளத்தோணி', யாழ்ப்பாணத்தார் சிலர் வாயில் 'தோட்டக்காட்டான்', இங்கே வந்தால் 'சிலோன்காரன்'. நம்ம ஊர்க்காரனுக்கு நாமே வைத்த பேர் அது.

1977 கலவரத்தில் மலையிலிருந்து வன்னிக்கு ஓடிய குடும்பங்கள் சில, 1983க்குப் பின் மீண்டும் இதே முகாமுக்கு அகதிகளாக வந்து சேர்ந்தன. தாத்தன் கங்காணியோடு புறப்பட்ட சீமையில், பேரனுக்கு அகதி அட்டை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை.